நாலு மணி வெயிலுக்குத் தானாகச் சாத்தும் ஜன்னல்

அமுச்சி (எங்கள் பாட்டி) படுக்கும் அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மாசி பிறந்துவிட்டால், மூன்றரை மணிக்குக் கட்டிலின் கால்மாட்டில் விழும் வெயில் நாலரைக்கெல்லாம் தலையணைக்கு ஏறிவிடும். மதியச் சோறு தின்றுவிட்டுக் கண்ணசரும் நேரம் பார்த்து முகத்தில் சுள்ளென்று அடிக்கும். எழுந்துபோய்த் திரையை இழுக்க அவருக்கு முழங்கால் இடம் தராது. யாரையாவது கூப்பிடவும் கூச்சம். கேட்டால், "வந்துட்டுப் போகட்டும் கண்ணு, அதும் நம்மூட்டு ஒரம்பரைதான" என்பார். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி.

மதியமே திரையை இழுத்துவிட்டுப் போனால் காற்று வராது, புழுங்கும். வேண்டியது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் மறைப்பு, மற்ற நேரம் வெளிச்சமும் காற்றும். ரிமோட்டில் இறங்கி ஏறும் மோட்டார் திரைக்கு விலை கேட்டேன். ஜன்னல் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் சொன்னார்கள். விலையைவிட எனக்கு உறுத்தியது வேறு. காங்கயத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தோட்டத்துக் கிணறு என்று எங்கே மோட்டார் எரிந்தாலும் என்னிடம்தான் வரும். மோட்டார் இருக்கும் இடத்தில் ரிப்பேர் இருக்கும், அது என் பிழைப்பு. அதை என் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

வழி காட்டியது மகளின் பல் கிளிப். பல் டாக்டர் பழைய கம்பியைக் கழற்றிப் புதுசு போட்டபோது, கழற்றியதைக் கேட்டு வாங்கி வந்தாள். டாக்டர் சொல்லியிருக்கிறார், வாய்ச் சூட்டிலேயே அந்தக் கம்பி தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுப்பில்தான் பல் நகர்கிறது என்று. ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து விரலால் கோணல்மாணலாக வளைத்தோம். ஈயக்கம்பி மாதிரி வளைந்த இடத்திலேயே நின்றது. டீ டம்ளரில் வெந்நீர் ஊற்றி உள்ளே போட்டதும் துள்ளி, பழையபடி குதிரை லாடம் மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷமாகச் செம்புக் கம்பியோடு கிடக்கிறேன், ஒரு கம்பி இப்படிச் செய்து பார்த்ததில்லை. அன்றைக்கு டீ ஆறிப்போனது.

நிக்கலும் டைட்டானியமும் கிட்டத்தட்டச் சரிபாதி அணுக்கள் கலந்த உலோகம் அது. நிட்டினால் என்பது பெயர். நிக்கல், டைட்டானியம், அதைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகம், மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்த பெயர். வில்லியம் பியூலர் என்பவர் அங்கே 1959 வாக்கில் வேறு காரியத்துக்காக இந்தக் கலவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1961-ல் ஒரு கூட்டத்தில் விசிறி மடிப்பாக மடித்த பட்டையைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தபோது, ஒருவர் தன் பைப் லைட்டரால் அதைச் சுட, பட்டை நீட்டி நிமிர்ந்துவிட்டது. அதன்பிறகுதான் சூட்டுக்கும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பைத் தேட ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கால் ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட், மடங்கினாலும் நிமிரும் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் எல்லாம் இந்த வம்சம்தான்.

உள்ளே நடப்பதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வெகுநாள் சுருட்டி வைத்த கோரைப்பாயை விரித்தால், விட்டதும் மறுபடி சுருண்டுகொள்ளும். அதுபோல இந்தக் கம்பிக்கு ஒரு வடிவத்தை நெருப்பில் காட்டிப் பழக்கிவிடலாம். ஆறிய நிலையில் அணுக்களின் அடுக்கு தளர்வானது, எப்படி வளைத்தாலும் இசைந்து கொடுக்கும். ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அடுக்கு முறுக்கேறி, பழகிய வடிவத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். முதலாவதை மார்ட்டென்சைட் என்பார்கள், இரண்டாவதை ஆஸ்டெனைட். இரும்பைப் பதம் போடுகிறவர்களுக்கு இரண்டு பெயர்களும் பழக்கமானவை.

இதை வீட்டு அலங்காரத்தில் யாராவது உபயோகித்திருக்கிறார்களா என்று மகள் தேடினாள். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மார்செலோ கோயெல்யோ என்பவர், இந்தக் கம்பி கோத்த துணியில் சின்னச் சின்ன மடல்கள் திறந்து மூடும் திரை செய்திருந்தார். மடல் திறந்தால் வெளிச்சம், மூடினால் மறைப்பு. படத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. அமுச்சி ஜன்னலுக்குத் துணியில் ஆறு மடல், வெயில் பட்டால் சுருண்டு மூடணும், போனால் நிமிர்ந்து திறக்கணும். இதுதான் முதல் திட்டம். இரண்டு மாசத்தை விழுங்கிய திட்டமும் இதுதான்.

கோவையில் டவுன் ஹால் பக்கம் கடை கடையாகக் கேட்டும் கம்பி கிடைக்கவில்லை. ஆர்டினோ (சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டு), மாஸ்ஃபெட் (கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச் மாதிரியான பாகம்), எல்டிஆர் (வெளிச்சத்தை உணரும் சென்சார்) எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு, கம்பியை மட்டும் இணையத்தில் வரவழைத்தேன். மூன்று வாரம் ஆனது. 150 மைக்ரான் கம்பி, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். மீட்டருக்கு 55 ஓம். 410 மில்லியாம்ப் விட்டால் ஒரு விநாடியில் சுருங்கும், 300 கிராமுக்கு மேல் இழுக்கும். சுருக்கம் நீளத்தில் நாலு சதவீதம்தான். ஒரு மடலுக்கு 40 செ.மீ. கம்பியை மேலிருந்து கீழே போய்த் திரும்பும்படி தைத்தேன். அதனால் ஒரு மடலுக்கு 22 ஓம்.

தைத்த விதத்தைச் சொல்லணும், ஏனென்றால் பட்டறைச் சாமான் பூராவும் அதில்தான் உள்ளே வந்தது. துணி சென்னிமலைப் பெட்ஷீட், பருத்தி. பாலியஸ்டர் கலந்தது சூட்டில் இளகும் என்பதால் அதைத் தொடவில்லை. துணிக்குப் பின்னால் லெதராய்டு. மோட்டார் ஸ்லாட்டில் காயிலுக்கு அடியில் போடுவோமே, அந்தக் காகிதம்தான். அது இல்லாவிட்டால் கம்பி இழுக்கிறபோது துணி சும்மா சுருக்கம் விழுந்து நிற்கும், வளையாது. ஒரு பக்கம் நீளம் மாறாத லெதராய்டு, மறுபக்கம் சுருங்கும் கம்பி, அப்போதுதான் மடல் சுருளும். கம்பி ஆறியதும் மடலை நிமிர்த்திவிடுவதும் லெதராய்டின் விறைப்புதான். கம்பி துணியை நேராகத் தொடாமல் இருக்க, வார்னிஷ் போட்ட கண்ணாடி இழை ஸ்லீவ். 155 டிகிரி தாங்கும் எஃப் கிளாஸ்.

முனையில்தான் முதலில் மண்ணைக் கவ்வினேன். பழக்கதோஷத்தில் சால்டரிங் அயர்னை எடுத்தேன். ஈயம் ஒட்டவே இல்லை, பாசிமணி மாதிரி உருண்டு கீழே விழுந்தது. கம்பியின் மேல் டைட்டானியம் ஆக்ஸைடு படிந்திருக்கும், சாதாரண ஃபிளக்ஸ் பசை அதை ஒன்றும் செய்யாது. அப்படியே ஒட்டினாலும் அந்தச் சூட்டில் அந்த இடத்துக் கம்பி தன் புத்தியை இழந்துவிடும். லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காதில்) வைத்து நசுக்கினேன், கம்பி மெல்லியது என்பதால் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் கை கொடுத்தது பக்கத்துக் கடை ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் வெட்டிப்போட்ட கேப்பிலரி டியூப், சின்னத் துளை உள்ள செம்புக் குழாய். 8 மி.மீ. துண்டாக அறுத்து, துளைக்குள் நிட்டினால் கம்பியை இரண்டு முறை மடித்து நுழைத்து, கூடவே செம்பு வயரையும் செருகி, குறடால் மூன்று இடத்தில் நசுக்கினேன். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகூடத் துளைக்குள் இருக்கக் கூடாது. அறுத்த பிசிரை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு நசுக்கிய பத்தில் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை.

முதல் மடல் முதல் தடவை சுருண்டபோது பட்டறைப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணா, தொட்டாச்சிணுங்கிங்ணா" என்றான். சத்தமே இல்லை. மோட்டார்ச் சத்தத்திலேயே காது பழுத்தவனுக்கு, ஒரு சாமான் சத்தம் இல்லாமல் நகர்வதைப் பார்க்க என்னமோ கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம். கெட்டதற்குக் காரணம் முழுக்க என் அவசரம்தான். 12 வோல்ட் அடாப்டர் கையில் இருந்தது, அதையே கொடுத்தேன். 22 ஓமுக்கு 12 வோல்ட் என்றால் அரை ஆம்பியருக்கும் மேலே போகும், 410 மில்லியாம்ப் தாங்கும் கம்பிக்கு அது அதிகம். இரண்டொரு விநாடிக்கு என்றால் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மடல் சுருண்டு மூடியபடி நிற்க வேண்டியது ஒன்றரை மணி நேரம். இந்தக் கம்பிக்கு நிறுத்திப் பிடிக்கவும் கரண்ட் வேண்டும், கரண்டை எடுத்தால் ஆறி விட்டுவிடும். நான் விடாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் அறைக்குள் இஸ்திரி தீய்ந்த வாசம். ஸ்லீவ் தாங்கியது, அதன் வாயில் துணி மஞ்சள் படர்ந்திருந்தது. அதிகச் சூட்டில் கம்பியும் சோர்ந்துபோய், மடல்கள் பாதி மட்டும் சுருண்டு வாடிய வாழையிலை மாதிரி தொங்கின.

ஆர்டினோவில் துண்டு துண்டாகக் கரண்ட் கொடுத்து அதைச் சரிசெய்தேன். கிட்டத்தட்டப் பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப். அப்புறம் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மடலுக்கு மூன்றே முக்கால் வாட், ஆறு மடலுக்கு 22 வாட். வெயிலை மறைப்பதற்காக, ஏற்கெனவே வேகிற அறைக்குள் ஒன்றரை மணி நேரம் ஹீட்டர் போட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்குப் போட்ட பிறகு அதைத் தொட மனசு இல்லை. அவிழ்த்துப் பரண் மேல் போட்டேன்.

இங்கேதான் ஒரு தற்செயல். கம்பி வாங்கியபோது இன்னொரு வகையும் கொஞ்சம் வாங்கியிருந்தேன், 0.75 மி.மீ. தடிமன், 45 டிகிரியில் வேலை செய்யும் என்று போட்டிருந்தது. முந்தையது 70 டிகிரி ரகம். இந்தத் தடித்த கம்பியில் ஒரு துண்டை விளையாட்டாகச் சுருட்டி அமுச்சி ஜன்னல் திண்டில் வைத்தது அப்படியே கிடந்தது. பங்குனி மாசம் ஒரு சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "சாமி, இங்க ஒரு புழு நெளியுது, வந்து பாரு." புழு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் பட்டு, சுருட்டிய கம்பி தானாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

எந்த வெயிலை மறைக்கணுமோ அந்த வெயிலே சாத்திவிடும் என்றால் சென்சார் எதற்கு, ஆர்டினோ எதற்கு? ஆறு மடலையும் செய்து முடித்து, தீய்த்து, பரண் ஏற்றிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அன்றைக்கு ராத்திரி மகள் இன்னும் இரண்டு விஷயம் காட்டினாள். பாரிஸில் அரபு உலக நிறுவனம் என்று ஒரு கட்டடம், ழான் நூவெல் வடிவமைத்தது, 1987-ல் திறந்தது. தெற்குச் சுவர் பூராவும் கேமராக் கண்ணைப் போல வெளிச்சத்துக்கு ஏற்றபடி சுருங்கி விரியும் உலோக இதழ்கள். அழகு என்றால் அழகு. ஆனால் எல்லாம் மோட்டார், பின்னாளில் பல இதழ்கள் அசையாமல் நின்றுவிட்டன. எனக்கு ஆச்சரியம் இல்லை. இன்னொன்று அகிம் மெங்கஸ் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் 2012-ல் அதே பாரிஸின் பாம்பிடூ மையத்துக்குச் செய்தது. மெல்லிய மரத் தகடுகள், காற்றில் ஈரம் ஏறினால் ஒரு விதமாகவும் இறங்கினால் வேறு விதமாகவும் வளையும். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. ஐப்பசி மழையில் நம் பொடக்காலி (கொல்லைப்புற) கதவு உப்பிச் சாத்த முடியாமல் போகிறதே, அதே சங்கதி. நாம் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்கிறோம், அவர் அதை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

சரி, இரண்டாம் திட்டம். மடலை விட்டுவிட்டு, மூங்கில் பட்டைகள் ஒன்பது. படுக்கை வாக்கில் இருந்தால் திறந்திருக்கும், நிமிர்ந்தால் சாத்திக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே செங்குத்துக் கம்பியில் கோத்து, அந்தக் கம்பி 45 மி.மீ. மேலே ஏறினால் அத்தனை பட்டையும் சாத்தும்படி செய்தால் போதும். மேலே இழுப்பதற்கு நிட்டினால் ஸ்பிரிங், கீழே இழுப்பதற்கு எடை. இந்தக் கம்பி ஒருவழிக்காரன் என்பதை மறக்கவே கூடாது. சூட்டில் சுருங்கும், ஆறினால் சும்மா தளரும், தானாக நீளாது. யாராவது பிடித்து இழுத்து நீட்டிவிட்டால்தான் அடுத்த நாள் சுருங்க முடியும். புதிதாகச் செய்கிறவர்கள் முக்கால்வாசி இதில்தான் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன். சுருங்க வைக்கத் தீக்குச்சி போதும், திரும்ப நீட்டி வைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

ஸ்பிரிங் சுற்றுவது எனக்குக் கை வந்த தொழில் என்று நினைத்தேன். 5 மி.மீ. இரும்புக் கம்பியில் நெருக்கமாக இருபது சுற்று, இரண்டு முனையையும் பைண்டிங் வயரால் கட்டி, கோவை கணபதியில் தெரிந்த ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குக் கொண்டுபோனேன். 500 டிகிரி, கால் மணி நேரம், வெளியே எடுத்ததும் தண்ணீரில் முக்கணும். உலையைத் திறந்தால் என் ஸ்பிரிங் தலைவிரிகோலமாகக் கிடந்தது. கம்பி வாங்கும்போதே நேராகப் பழக்கப்பட்டது, சூடு ஏற ஏற நேராகப் பார்க்கும். அந்த முறுக்கை பைண்டிங் வயரா தாங்கும்? பட்டறைக்காரர் சிரித்தார். "பொலிகாளையத் தாம்புக்கயித்துல கட்டலாமுங்க, நூல்ல கட்டலாமுங்களா?" அங்கேயே இரும்புக் கம்பியின் இரண்டு முனையிலும் துளை போட்டு, நிட்டினாலை உள்ளே நுழைத்து போல்ட் வைத்து இறுக்கிக் கொடுத்தார். இரண்டாம் தடவை கச்சிதமாக வந்தது. உலைக்குக் காசு வாங்கவில்லை, அடுத்த வாரம் அவருடைய புளோயர் மோட்டாரை நான் கட்டிக் கொடுத்தேன்.

ஆறிய நிலையில் ஸ்பிரிங் நீளம் 25 மி.மீ. கீழே எடையாக 16 மி.மீ. நட்டுகள், ஒன்று சுமார் 33 கிராம். ஒன்பது நட்டு மாட்டியதும் 90 மி.மீ. வரை நீண்டது. மூன்று இஞ்ச் பிவிசி பைப்பின் அடியை மூடி, அதற்குள் தொங்கவிட்டு, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தெர்மாமீட்டரைப் பார்த்தோம். (நட்டும் தண்ணீருக்குள் இருப்பதால் எட்டில் ஒரு பங்கு எடை குறையும், அதற்கு ஒரு நட்டு கூட மாட்டிக்கொண்டோம்.) 46 டிகிரியில் அசைய ஆரம்பித்து 54-ல் முழுதும் ஏறி 40 மி.மீ.க்கு வந்து நின்றது. ஐம்பது மி.மீ. ஓட்டம். எனக்கு வேண்டியது 45. ஏழாம் வகுப்புக் கணக்கு சரியாக வந்த சந்தோஷம்.

ஆற விட்டபோது 40 டிகிரி வரை இறங்கவே இல்லை. அப்புறம் மெதுவாக நீண்டு, 31-ல்தான் முழுதும் இறங்கியது. போகும் வழி வேறு, வரும் வழி வேறு. அன்றைக்கு அதைக் குறித்து வைத்துக்கொண்டேனே தவிர, என்ன வினை வைக்கும் என்று யோசிக்கவில்லை.

பட்டை வேலையை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூங்கில் சிம்புச் சட்டம், மேலே மிச்சமிருந்த சென்னிமலைத் துணி, விறைப்புக்குக் கஞ்சி. அச்சாணிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ். நடுவில் அச்சு வைத்தால் பட்டையின் எடை இரண்டு பக்கமும் சமமாகிவிடும், ஸ்பிரிங்குக்குப் பாரம் தெரியாது. கஞ்சி போட்டது தப்பு. கரப்பான் பூச்சிகள் விருந்து வைத்துவிட்டன. கழற்றி அலசி, இரண்டாவது முறை வார்னிஷை நீர்க்கத் தடவினேன்.

சித்திரை முதல் வாரம் மாட்டியாயிற்று. எங்கள் ஜன்னலில் மேல்கதவு கண்ணாடி, அது எப்போதும் சாத்தியிருக்கும். கீழ்க்கதவு திறந்திருக்கும், காற்று அந்த வழியாக வரும். ஸ்பிரிங்கைப் பட்டைகளுக்கு இந்தப் பக்கம், அறைக்குள் மாட்டினேன், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று. நாலு மணிக்கு எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. நாலு ஐந்துக்கு முதல் பட்டை சிலிர்த்தது. நாலு பத்துக்கு மொத்தமும் சாத்தி, அறை இருண்டது. மனைவி கை தட்டினாள். நாலரைக்குப் பாதி திறந்துகொண்டது.

பட்டை சாத்தியதும் நிழல் ஸ்பிரிங் மேலேயே விழுகிறது. நிழலில் ஆறுகிறது, திறக்கிறது, வெயில் படுகிறது, மறுபடி சாத்துகிறது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மூன்று தடவை. "இதுக்கு வெயிலே பரவால்ல கண்ணு, ஒரேடியா அடிக்கும்" என்றார் அமுச்சி. அடுத்த நாள் ஸ்பிரிங்கைக் கண்ணாடிப் பக்கம், பட்டைகளுக்கு முன்னால் மாற்றினேன். ஒரு தகரத் தட்டை மடித்து, உள்ளே கறுப்பு பெயிண்ட் அடித்து, அதன் பள்ளத்தில் ஸ்பிரிங். இழுக்கும் கயிறு மட்டும் ஒரு சின்ன உருளை வழியாக இந்தப் பக்கம் வரும். பட்டை சாத்தினாலும் தட்டுக்கு வெயில் உண்டு. நாலு மணிக்குத் தட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 63 டிகிரி.

இப்போது வேறு வினை. சாத்தியது சாத்தியபடியே நின்றது. ஆறரைக்கு வெயில் போனது, ஏழுக்கு விளக்குப் போட்டாயிற்று, ஜன்னல் திறக்கவில்லை. பிவிசி பைப்பில் பார்த்தது அப்போதுதான் மூளையில் ஏறியது. இறங்க ஆரம்பிக்கவே 40, முழுதும் இறங்க 31 டிகிரி வேண்டும். சித்திரையில் காங்கயத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு 31 டிகிரிக்கு எங்கே போவது? காற்று ஜிலுஜிலுவென்று வரத் தொடங்கும் நேரத்தில் ஜன்னல் மூடிக் கிடந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு, எல்லோரும் தூங்கப் போகும்போது, அது திறந்தது.

கம்பியை மாற்றணுமோ என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். செம்பு கலந்த நிட்டினாலில் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் இடைவெளி குறைவாம், ஆனால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்கணும். அப்புறம்தான் தெரிந்தது, பதில் நட்டிலேயே இருக்கிறது என்று. இந்த உலோகத்தின் மேல் இழுவிசை கூடினால், அது வடிவம் மாறும் சூடும் கூடவே மேலே தள்ளிப்போகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து. பாரம் ஏற்றினால் முறுக்கேற அதிகச் சூடு கேட்கும், ஆறும்போது சீக்கிரமே விட்டுக்கொடுக்கும்.

மூன்று நட்டு கூட்டினேன், மொத்தம் பன்னிரண்டு. பிவிசி பைப்பில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இறங்கி முடிவது 31-லிருந்து 37-க்கு வந்துவிட்டது. ஏறி முடிய இப்போது 60 டிகிரி வேண்டும், தட்டில்தான் 63 இருக்கிறதே. ஜன்னலில் மாட்டியபோது ஆறே முக்காலுக்குத் திறந்தது. நூறு கிராம் இரும்பில் இரண்டே முக்கால் மணி நேரம் மிச்சம். அதிக எடையில் ஸ்பிரிங் 90 மி.மீ.க்கு மேல் நீளாதபடி கம்பிக்கு ஒரு முட்டுக்கட்டை வைத்தேன். அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் அந்தக் கம்பி பழைய நீளத்துக்கு வரவே வராது.

அமுச்சிக்கு ஒரே ஒரு குறை. மேகம் போட்ட நாளிலும் சில நேரம் அவருக்கு இருட்டு வேண்டும், ஒற்றைத் தலைவலி. அதற்கு மட்டும் கரண்டைக் கூப்பிட்டேன். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) ஒன்று கிடந்தது. பச்சை வயரையும் கறுப்பையும் சேர்த்தால் அது ஓட ஆரம்பிக்கும், ஆரஞ்சு வயரில் 3.3 வோல்ட் வரும். ஸ்பிரிங்கின் மொத்தத் தடை முக்கால் ஓமுக்கும் கீழே, அதனால் ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். கட்டில் சட்டத்தில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். அமுக்கிப் பிடித்தால் நாலைந்து விநாடியில் பட்டைகள் எழுந்து சாத்தும், கையை எடுத்துவிடணும். எடுக்க மறந்தால் என்று ஆறு விநாடியில் வெட்டும் டைமரும் போட்டிருக்கிறேன். வோல்டேஜ் தொட்டாலும் ஒன்றும் செய்யாத அளவு, ஆனால் சாத்தியிருக்கும்போது ஸ்பிரிங்கைத் தொட்டால் விரல் சுடும். மேகம் போட்ட நாளில் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆறித் திறந்துகொள்ளும், மறுபடி அமுக்கணும். தலைவலிக்காரருக்கு அது ஒரு தொந்தரவுதான். பட்டையைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி யோசித்துவைத்திருக்கிறேன், இன்னும் செய்யவில்லை.

செலவு, பரணில் கிடப்பதைச் சேர்க்காமல், இரண்டாயிரத்து எண்ணூறு. சேர்த்தால் மனைவியிடம் சொல்ல முடியாத தொகை. மறுபடி செய்வதாக இருந்தால் ஒரே ஸ்பிரிங்குக்குப் பதில் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவேன். மெல்லிய கம்பி சீக்கிரம் ஆறும், ஒன்று போனாலும் மற்றது பாதியாவது சாத்தும். உருளைக்குச் சைக்கிள் டைனமோவின் சின்னச் சக்கரத்தைப் போட்டது அதிர்ஷ்டம், எண்ணெய் கேட்காமல் ஓடுகிறது.

ஆடிக் காற்று வந்தபோது பட்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காங்கயம் வரை வந்து நம் ஜன்னலையும் விசாரித்துவிட்டுத்தான் போகும். ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் ஒரு துண்டு லெதராய்டு ஒட்டியதும் சத்தம் அடங்கியது.

ஐப்பசி பிறந்ததும் அடுத்த பிரச்சினை, இதை நான் முன்னாலேயே எதிர்பார்த்தேன். வெயில் உறைப்பு குறைந்து தட்டு 55 டிகிரியைத் தாண்டவில்லை. பன்னிரண்டு நட்டுப் பாரத்தில் ஸ்பிரிங் பாதி ஏறி நிற்கிறது, பட்டை அரைக்கண் மூடின மாதிரி. மூன்று நட்டைக் கழற்றினேன். பழையபடி 54-ல் சாத்துகிறது, சாயங்காலம் குளுகுளுவென்று இருப்பதால் 31 டிகிரிக்கும் பஞ்சம் இல்லை. சித்திரைக்குப் பன்னிரண்டு, ஐப்பசிக்கு ஒன்பது என்று ஜன்னல் சட்டத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கழற்றிய மூன்று நட்டையும் எங்கே வைப்பது என்று கேட்டபோது அமுச்சி கை நீட்டி வாங்கிக்கொண்டார். இப்போது அவை அவருடைய வெற்றிலைப் பெட்டியில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.